குழி போடும் ஹைட்ராலிக் மெஷின் நின்றுவிட்டால், முதலில் எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள்

வேலிக்கு நூறு குழி போட வேண்டும். முப்பதாவது குழியில் திருகு மண்ணுக்குள் போய் நின்றுவிடுகிறது. கல்தூண்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன, நட வந்த ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் "மோட்டார் போயிடுச்சுங்க" என்பார். அந்தப் பேச்சை நம்பி மோட்டாரைக் கழற்றி டவுனுக்கு எடுத்துப்போய், இரண்டு நாள் காத்திருந்து, "இதுல ஒண்ணுமில்லையே" என்ற பதிலோடு திரும்பியவர்கள் நிறையப் பேர். இந்த மெஷினில் எல்லோரும் முதலில் பழி சொல்வது மோட்டாரைத்தான். ஆனால் கெட்டுப்போவதில் அதற்குப் பெரும்பாலும் கடைசி இடம்தான். அதைத் தொடுவதற்கு முன் கைச்செலவே இல்லாமல் செய்யக்கூடிய சோதனைகள் சில இருக்கின்றன. எதற்காக அவற்றைச் செய்கிறோம் என்பது புரிந்துவிட்டால், பாதிக் கோளாறுகளைத் தோட்டத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். டிராக்டரின் பி.டி.ஓ தண்டிலிருந்து (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டு) ஒரு ஷாஃப்ட் வந்து, கியர்பாக்ஸ் வழியாகத் திருகைச் சுற்றினால் அது ஆயில் பிரஷரில் ஓடும் வகை இல்லை. அதில் பாரம் கூடினால் ஷியர் போல்ட் உடையும், புதிதாக ஒன்றைப் போட்டால் வேலை முடிந்தது. திருகுக்கு மேலே உருண்டையாக ஒரு மோட்டார் உட்கார்ந்து, அதற்கு இரண்டு தடித்த ரப்பர் ஹோஸ் வந்தால், அதுதான் ஹைட்ராலிக் வகை. நான் சொல்லப்போவது இதைப் பற்றி.

இதில் ஆயில் போகும் வழி எளிமையானது. டேங்கிலிருந்து பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. லீவரைத் தள்ளினால் ஆயில் ஒரு ஹோஸ் வழியாக மோட்டாருக்குப் போய், உள்ளே இருக்கும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி, ஃபில்டரில் வடிந்து டேங்குக்கே வந்து சேரும். லீவரை எதிர்ப்பக்கம் தள்ளினால் போகும் வழியும் வரும் வழியும் இடம் மாறும், திருகு பின்பக்கமாகச் சுற்றும். சில மெஷின்களில் டிராக்டரின் சொந்த ஆயிலே இந்தச் சுற்றில் ஓடும். சிலவற்றில் தனி டேங்க், தனி பம்ப் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பம்ப் தருவது பிரஷர் இல்லை, ஓட்டம். கிணற்று மோட்டாரை ஓடவிட்டு, பைப்பின் வாயைத் திறந்து வைத்திருந்தால் கேஜில் முள் அடியில்தான் கிடக்கும். கேட் வால்வை மெல்ல மூடுங்கள், முள் ஏறும். பம்ப் மாறவில்லை, எதிர்ப்பு வந்தது, அதனால் பிரஷர் வந்தது. ஹைட்ராலிக்கிலும் அதேதான். திருகு காற்றில் சும்மா சுற்றும்போது பிரஷர் கொஞ்சம்தான். திருகின் நுனியில் இருக்கும் பல் மண்ணைக் கடிக்கும்போது மண் எதிர்க்கிறது, பிரஷர் தானாக ஏறுகிறது. ஏறிக்கொண்டே போனால் ஹோஸ் வெடித்துவிடும் இல்லையா? அதற்குத்தான் ரிலீஃப் வால்வு. குக்கரில் விசில் தூக்கிக்கொண்டு ஆவியை விடுவது போல, குறிப்பிட்ட பிரஷர் வந்ததும் அது திறந்து ஆயிலை டேங்குக்கே திருப்பிவிடும்.

ஆக, திருகு எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதை ஓட்டம் தீர்மானிக்கிறது. எவ்வளவு வலுவாகச் சுற்றும் என்பதைப் பிரஷர் தீர்மானிக்கிறது. கணக்கும் சுலபம்தான். ஒரு சுற்றுக்கு 400 சிசி ஆயில் குடிக்கும் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 40 லிட்டர் போனால், அது நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றும். அதே மோட்டாருக்கு 150 பார் பிரஷர் கிடைத்தால், ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில், இழப்பெல்லாம் போக, 85, 90 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற முறுக்கு வலு வரும். பிரஷர் 75 பார்தான் வருகிறது என்றால் வலுவும் பாதிதான், ஆனால் காற்றில் சுற்றும் வேகம் அப்படியே இருக்கும். "மேலே நல்லாத்தான் சுத்துது, மண்ணுல வெச்சா நின்னுடுது" என்று பலரும் குழம்புவது இதனால்தான். மேலே சுற்றுவது ஓட்டத்துக்குச் சாட்சி, வலுவுக்கு இல்லை.

சோதனைக்குப் போகும் முன் மூன்று எச்சரிக்கை. இவற்றைத் தாண்டிவிட்டு மேலே படிக்காதீர்கள்.

ஆயில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும், 150 பாரில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலிகூடப் பெரிதாகத் தெரியாது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போய், பிரஷரில் ஆயில் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைக் குச்சியில் செருகி ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் போதும், அட்டை நனையும் இடம்தான் ஓட்டை.

இரண்டாவது, துணி. லுங்கியின் ஓரம், தோள் துண்டு, சேலை முந்தானை, எதுவானாலும் சுற்றும் திருகில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். லீவரில் இருப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் நன்றாகத் தள்ளியே நிற்க வேண்டும். மூன்றாவது, எடைக்காகச் சட்டத்தின் மேல் ஆள் ஏறி நிற்பது. பெரும்பாலான டிராக்டர்களில் பின்பக்க லிஃப்ட் தூக்கத்தான் செய்யும், கீழே அழுத்தாது. அதனால் கெட்டி மண்ணில் "ஏறி நில்லுடா" என்று ஒரு பையனை ஏற்றிவிடுவார்கள். திருகு ஒரு வேரில் மாட்டிக் குதித்தால் அவன் விழுவது சுற்றும் இடத்தில்தான். முந்தின நாள் சாயங்காலம் குழி வரும் இடத்தில் அரை அடி பறித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மண் நெகிழ்ந்திருக்கும். அதைச் செய்யுங்கள்.

சரி, இப்போது சோதனை. திருகைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினை வேலை செய்யும் வேகத்தில் வைத்து, லீவரைத் தள்ளுங்கள். கண்ணைத் திருகில் வையுங்கள், காதை எஞ்சினில் வையுங்கள்.

திருகு சுற்றவே இல்லை என்றால், எஞ்சின் என்ன செய்கிறது? லீவரைத் தள்ளிய நொடியில் எஞ்சின் திணறி, எங்கிருந்தோ "ஊஊங்" என்று ஊளைச் சத்தம் வந்தால், ஆயில் போகிறது, ஆனால் ஏதோ ஓர் இடத்தில் முட்டி நிற்கிறது. பிரஷர் முழுசாக ஏறி, ரிலீஃப் வால்வு திறந்திருக்கிறது. அந்த ஊளை அதன் சத்தம்தான். அப்போது பார்க்க வேண்டியது கப்ளர்கள். ஹோஸ் டிராக்டரில் சேரும் குயிக் கப்ளருக்குள் ஒரு சின்ன அடைப்பான் இருக்கிறது. இரண்டு பாதியும் முழுசாக உட்கார்ந்தால்தான் அது திறக்கும். ஒரு நூல் அளவு வெளியே நின்றாலும் மூடியே இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியது போலவே தெரியும். எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் இரண்டு மூன்று தடவை அசைத்து உள்ளே தேங்கிய பிரஷரை விட்டுவிட்டு, கழற்றித் துடைத்து, "டக்" என்று சத்தம் கேட்கும்வரை திரும்ப மாட்டுங்கள். பாதி மெஷின் இதிலேயே ஓடிவிடும்.

எஞ்சின் எதையுமே உணராதது போல அதே சத்தத்தில் ஓடினால் கதை வேறு. ஆயில் ஓட்டமே அந்தப் பக்கம் வரவில்லை. டேங்கில் ஆயில் இருக்கிறதா, லீவரின் கம்பி வால்வை உண்மையில் நகர்த்துகிறதா, தனி பம்ப் என்றால் பி.டி.ஓ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றும் உண்டு: மோட்டார் தண்டு சுற்றும், திருகு சுற்றாது. இரண்டையும் இணைக்கும் பின் உடைந்திருக்கும். குனிந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்து, அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம். காற்றில் நன்றாகச் சுற்றி, மண்ணில் நிற்கிறது. இங்கேயும் எஞ்சின்தான் பதில் சொல்லும். திருகு நிற்கும்போது எஞ்சின் திணறி, ரிலீஃப் வால்வு ஊளையிட்டால், பம்ப், வால்வு, மோட்டார் மூன்றும் தங்கள் முழு வலுவையும் தந்துவிட்டன என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆயிலில் குறை தேடாதீர்கள், திருகின் நுனிக்குப் போங்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பல்லைத் தொட்டுப் பாருங்கள். புதுப்பல்லின் முனை உளி மாதிரி நிற்கும். தேய்ந்தது கூழாங்கல் மாதிரி உருண்டிருக்கும். எல்லாப் பல்லிலும் வெளி ஓரத்தில் இருப்பதுதான் முதலில் தேயும், ஒரு சுற்றில் அதிக தூரம் ஓடுவது அதுதான். அது தேய்ந்துவிட்டால் திருகின் தகட்டு விளிம்பே மண்ணை உரசத் தொடங்கும். விளிம்பில் பாத்திரம் விளக்கியது போல வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால், வெட்டுவது பல் இல்லை, தகடு. அப்புறம் நடுவில் இருக்கும் மீன்வால் முனை. அது மழுங்கினால் திருகு ஓர் இடத்தில் நிற்காமல் அலையும், குழி கோணலாகும். சரளை கலந்த செம்மண்ணிலும் சுண்ணாம்புக் கட்டி இருக்கும் நிலத்திலும் பல் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பது வாங்கிய புதிதில் யாருக்கும் தெரிவதில்லை. பல் போல்ட் போட்டு மாற்றக்கூடியது, மோட்டாரோடு ஒப்பிட்டால் விலையும் கொஞ்சம்தான். ஒரு செட் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

திருகின் அகலத்தையும் யோசியுங்கள். 9 இஞ்ச் திருகில் சுகமாக ஓடிய மெஷினில், கன்று நட 18 இஞ்ச் திருகை மாட்டினால், அள்ள வேண்டிய மண் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அதே முறுக்கு வலுதான், ஆனால் பல் நடுத்தண்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருப்பதால் அதன் கடி பாதியாகிவிடும். அகலத் திருகை ஒரே மூச்சில் இறக்கக் கூடாது. அரை அடி இறக்கு, தூக்கு, மண்ணை உதறு, மறுபடி இறக்கு. ஈரக் களிமண்ணில் இது இன்னும் முக்கியம், மண் திருகில் அப்பிக்கொண்டு மேலே வராது. நிறுத்தாமல் இறக்கினால் திருகு மரத்தில் போட்ட ஸ்க்ரூ மாதிரி மண்ணுக்குள் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்படி மாட்டிக்கொண்டதை லிஃப்ட் போட்டு வெடுக்கென்று தூக்கினால் வளைவது சட்டம். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே விரற்கடை விரற்கடையாகத் தூக்குங்கள்.

இனி மூன்றாவது நிலை: மண்ணில் திருகு நிற்கிறது, ஆனால் எஞ்சின் திணறவே இல்லை. இதுதான் உண்மையான ஹைட்ராலிக் கோளாறு. ஏற வேண்டிய பிரஷர் ஏறாமல் எங்கோ வழிந்துபோகிறது. ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தே நிற்கலாம், அல்லது யாரோ அதைத் தளர்த்தியிருக்கலாம். பம்ப் தேய்ந்திருக்கலாம். மோட்டார் தேய்ந்து ஆயில் உள்ளேயே நழுவலாம்.

குறை டிராக்டர் பக்கமா, கருவி பக்கமா என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, பிரஷரை விட்டுவிட்டு, டிராக்டரிலிருந்து இரண்டு கப்ளரையும் கழற்றுங்கள். கழற்றிய கப்ளர் தானாகவே அடைத்துக்கொள்ளும். எஞ்சினை ஓட்டி லீவரை மூன்று நான்கு நொடி மட்டும் தள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஆயிலுக்குப் போக வழியில்லாததால் பிரஷர் ரிலீஃப் வால்வு வரை ஏறியாக வேண்டும். எஞ்சின் திணறி ஊளை வந்தால், டிராக்டர் பக்கம் பிரஷர் கட்டுகிறது, பெரும்பாலும் குறை கருவியில்தான். எஞ்சின் அசையவே இல்லை என்றால் கருவியை விட்டுவிடுங்கள், பம்ப்பையும் ரிலீஃப் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். சரியான எண் தெரிய வேண்டுமானால் மெக்கானிக் ஒரு கேஜ் மாட்டிப் பார்ப்பார். ஆனால் எந்தப் பக்கம் என்று தெரிந்து அவரைக் கூப்பிடுவதற்கும், "ஓடலைங்க" என்று மட்டும் சொல்லிக் கூப்பிடுவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் வரும். இங்கே ஒரு கண்டிப்பு: கேஜ் இல்லாமல் ரிலீஃப் வால்வின் திருகாணியை இறுக்காதீர்கள். பிரஷர் கூடினால் வலு கூடும் என்பது உண்மைதான். ஹோஸும் சீலும் பம்ப்பும் அதற்குத் தாங்குமா என்பது அந்தத் திருகாணிக்குத் தெரியாது.

மெதுவாகச் சுற்றுவது தனிப் புகார். அதற்குச் சாக்பீஸ் போதும். திருகின் தண்டில் ஒரு கோடு போட்டு, காற்றில் ஓடவிட்டு, தள்ளி நின்று ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மெஷின் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எண்ணி எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. 100 சுற்றிய இடத்தில் 60 தான் வருகிறது என்றால் ஓட்டம் குறைந்துவிட்டது. எஞ்சின் வேகம், அடைத்த ஃபில்டர், உறிஞ்சும் ஹோஸ், பம்ப் என்று அந்த வரிசையில் பாருங்கள்.

காலையில் நன்றாக ஓடி, பதினோரு மணிக்கு மேல் தளர்ந்துவிடும் மெஷினும் உண்டு. சூட்டில் ஆயில் நீர்த்துப்போகிறது. தேய்ந்த பம்ப்பிலோ மோட்டாரிலோ இருக்கும் இடுக்கில் கெட்டி ஆயில் நழுவாது, நீர்த்த ஆயில் நழுவும். அதனால் சூடேறினால் தளர்வது தேய்மானத்தின் முதல் அடையாளம். ஆனால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். திருகு நின்ற பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால், நிமிடத்துக்கு 40 லிட்டர் ஆயில் 150 பாரில் ரிலீஃப் வால்வு வழியாகப் பாய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சக்தி 10 கிலோவாட். வாளித் தண்ணீரில் போடும் 1000 வாட் ஹீட்டர் பத்தை ஆயில் டேங்கில் போட்டது போல. திருகு நின்றால் இரண்டு நொடியில் லீவரை விடுங்கள்.

ஆயிலைக் கண்ணால் பார்ப்பதும் ஒரு சோதனைதான். பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெயிலில் காட்டுங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரையாக இருந்து, வைத்த கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் காற்று. ஆயில் மட்டம் குறைவாக இருக்கும், அல்லது உறிஞ்சும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும், பம்ப்பும் கூழாங்கல்லை அரைப்பது போலக் கரகரக்கும். டிராக்டர் ஆயிலிலேயே ஓடும் மெஷினை முதன்முதலில் மாட்டும்போது மோட்டாரும் ஹோஸும் சில லிட்டர் ஆயிலைக் குடித்துக்கொள்ளும். ஓட்டிப் பார்த்துவிட்டு மட்டத்தைச் சரிபார்த்து ஊற்ற வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பாட்டிலின் அடியில் பொன் துகள் மாதிரி மின்னினால் உள்ளே ஏதோ ஓர் உலோகம் தேய்கிறது. ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

ஒரு பக்கம் நன்றாகச் சுற்றி, எதிர்ப்பக்கம் சுற்ற மறுக்கும் மெஷின் அனுபவம் உள்ளவர்களையே சுற்றவிடும். ஹோஸின் உள்தோல் கிழிந்து, ஒரு மடிப்பு கதவு மாதிரி நிற்கும். ஆயில் ஒரு பக்கம் போனால் கதவு திறக்கும், எதிர்ப்பக்கம் வந்தால் சாத்திக்கொள்ளும். வெளியே ஹோஸ் புதுசு போலவே இருக்கும். இரண்டு ஹோஸையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக, தண்டு சீல். மோட்டாருக்கு அடியில், திருகு சேரும் இடத்தில் ஆயில் சொட்டும். பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் ஒரே வருஷத்தில் மூன்று முறை சீல் மாற்றியிருந்தார். "சீலே மட்டமாத்தான் வருதுங்க தம்பி" என்றார். மூன்று சீலும் ஒரே மாதிரி, உதடு வெளிப்பக்கம் பிதுங்கிப் போயிருந்தது. தேய்ந்த சீல் அப்படி இருக்காது, உதடு பளபளவென்று வழுவழுத்திருக்கும். பிதுங்கியது என்றால் உள்ளேயிருந்து பிரஷர் தள்ளியிருக்கிறது. திரும்பி வரும் ஆயில் தடையில்லாமல் டேங்குக்குப் போனால் மோட்டாருக்குள் பெரிய பிரஷர் இருக்காது, அந்தப் பாதை அடைத்தால் சீல்தான் வாங்கிக்கட்டும். சில மோட்டார்களில் கசிவு ஆயிலுக்கென்று மெல்லிய மூன்றாவது ஹோஸ் ஒன்று இருக்கும், அது நேராக டேங்குக்குத்தான் போக வேண்டும். "எதுக்கு இது" என்று அதை அடைத்துவிட்டாலும் இதே கதிதான். இவருடைய மோட்டாரில் மூன்றாவது ஹோஸ் இல்லை. திரும்பும் பக்கத்துக் கப்ளரைக் கழற்றினோம். உள்ளே இருக்கும் அடைப்பானின் மேல், காய்ந்த மண்ணும் ஆயிலும் சேர்ந்து வடகம் மாதிரி ஒரு தட்டை இறுகிக் கிடந்தது. அது பாதிதான் திறந்திருக்கிறது. இத்தனை நாளும் கப்ளருக்கு மூடி போடாமல், கழற்றிய ஹோஸைக் கொட்டகைத் தரையில் போட்டு வைத்திருக்கிறார். கப்ளரை மாற்றி, நான்காவது சீலைப் போட்டோம். இரண்டு வருஷம் கழித்துப் போனபோது அதே சீல்தான் இருந்தது. கழற்றிய ஹோஸ்கள் ஆணியில் தொங்கின, முனைகளில் பால் கவரைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.